ஆளைக் கேட்டு வந்தவள்

பிப்ரவரி 27, 1963. விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல் வாங்கியாயிற்று. போன வருடத்துக் குருத்தோலையைச் சுட்டு எடுத்த சாம்பல். வாசல் பார்க்கும் சிஸ்டர் தெக்லா அதைச் சலிக்க மறந்துவிட்டார். எல்லோர் நெற்றியிலும் திப்பி திப்பியாக நின்றது. பதினோரு கன்னியரும் கரிமூட்டை தூக்கியவர்கள் மாதிரி கஞ்சிக்கு வந்து உட்கார்ந்தோம். சிரிக்கக் கூடாத நாளில்தான் சிரிப்பு வந்து தொலைக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். முதல் குற்றம்.

குற்றம் எழுதத்தான் இந்த நோட்டு. ஒவ்வொரு தபசுகாலத்துக்கும் ஒன்று வைத்திருப்பேன். ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை கோயில் வாசலில் புதுநெருப்பு மூட்டும்போது அதில் போட்டுவிடுவேன். வேறு யார் கண்ணிலும் படாது.

இந்த மடத்துக்குத் தலைவியாக வந்தபின் எனக்கு இது முதல் தபசுகாலம். எனக்கு முன்னால் இருந்த மதர் தங்கமானவர், ஆனால் இளகின மனசு. யாராவது கண்ணைக் கசக்கினால் விதியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிடுவார். நான் அப்படி இல்லை என்பது இன்று காலையிலேயே எல்லோருக்கும் புரிந்திருக்கும். சபை விதியை நானே வாசித்தேன். இன்றிலிருந்து ஈஸ்டர் வரை யாருக்கும் கடிதம் கிடையாது, யாரும் கடிதம் எழுதவும் கூடாது. பேச்சறையில் சொந்தக்காரரைப் பார்ப்பதும் கிடையாது. வருகிற கடிதங்கள் என் மேசை டிராயரில் பூட்டிக் கிடக்கும். ஈஸ்டர் காலையில் காப்பிக்குப் பிறகு முழந்தாளிட்டு வாங்கிக்கொள்ளலாம். தந்தி வந்தால் மட்டும் விலக்கு.

வழக்கம்போல என் கதையையும் சொன்னேன். 1931-இல் நான் நவகன்னியாக இருந்தபோது தபசுகாலத்தில் என் அம்மா இறந்தார். அண்ணன் எழுதிய கடிதம் இருபத்தாறு நாள் டிராயரில் கிடந்தது. ஈஸ்டரன்று அதை வாசித்தேன், மடித்து வைத்தேன், பாடுகிறவர்கள் வரிசையில் போய் நின்று அல்லேலூயா பாடினேன். அன்றைய மதர் என் தோளைத் தொட்டு, "கொலேத்தா, நீ கல்லுடி" என்றார். புகழ்ந்துதான் சொன்னார். முப்பத்திரண்டு வருடமாக அந்தச் சொல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எல்லோரும் தலை குனிந்து கேட்டார்கள். மூன்றாம் வகுப்பு எடுக்கும் சிஸ்டர் பவுலினா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. நல்ல பாட்டுக் குரல், ஆனால் அடக்கம் குறைவு.

மார்ச் 2, சனி

சபைக்கு 1965-இல் நூறு வருடம் நிறைகிறது. எங்கள் மடம்தான் முதல் மடம் என்பதால் வரலாற்றை நான் எழுத வேண்டும், ஈஸ்டருக்குள் அனுப்ப வேண்டும் என்று மதர் ஜெனரல் கட்டளை. பழைய ஏடுகள் இருக்கும் இரும்புப் பெட்டியை இறக்கினோம். பாதியைக் கரையான் வாசித்து முடித்துவிட்டது.

மீதியில் முதல் பதிவேடு தப்பியிருக்கிறது. எங்களைத் தொடங்கிய தாய் சவரியாயியின் கையெழுத்து. பதினேழு வயதில் தாலி அறுத்தவர். மாமனார் வீட்டுக் கொட்டடியில் பன்னிரண்டு வருடம் கிடந்துவிட்டு, ஒருநாள் வெளியே வந்து இந்த இடத்தில் ஓலைக்குடிசை போட்டுக்கொண்டார். போக்கிடம் இல்லாத பெண்களைச் சேர்த்தார். அவர்களிலிருந்துதான் சபை வந்தது. ஊரார் இன்றும் எங்களை அடைக்கல மடம் என்றுதான் சொல்கிறார்கள். ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருப்பதைக் கன்னியருக்கும் வாசித்துக் காட்டினேன்: "வாசலுக்கு வந்த பெண்ணிடம் பெயர் கேட்குமுன் சோறு போடு. சோறு போட்டபின் பெயரை எழுது."

அதன்படியே பத்திகள் போட்டிருக்கிறார். எண், பெயர், வயது, ஊர், வந்த தேதி, வரவேற்றவர், போன தேதி, அனுப்பியவர். இன்றைக்கும் நாங்கள் வைத்திருக்கும் பதிவேட்டில் இதே எட்டுப் பத்திதான். கடைசிப் பத்தி பக்கம் பக்கமாக வெறுமையாகக் கிடக்கிறது. தாய் சவரியாயி காலத்தில் யாரையும் யாரும் அனுப்பவில்லை. பெண்களே விரும்பிப் போனால் போனதுதான்.

தபால்காரர் மாடசாமி மூன்று கடிதம் கொண்டுவந்தார். இரண்டு மடத்து அலுவலாக எனக்கு. ஒன்று பவுலினாவுக்கு. பள்ளிக்கூட நோட்டுத் தாளை மடித்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிய கவர். கனமாக இருந்தது. டிராயரில் வைத்தேன்.

மார்ச் 6, புதன்

புளி வந்து இறங்கியது. கொட்டை எடுக்க எல்லோரும் உட்கார்ந்தோம். அடைக்கலம் வந்து தங்கியிருக்கும் இல்லத்துப் பெண்கள் முப்பத்து நாலு பேரும் பேச்சு, நாங்கள் மௌனம். மூன்று பெண்களுக்குக் கையில் புளி கடித்துப் புண். தேங்காய் எண்ணெய் போட்டேன்.

மார்ச் 9, சனி

பவுலினாவுக்கு இன்னொரு கடிதம். அதே எழுத்து, அதே பருக்கை. அனுப்பியவர் பெயர் இல்லை. தபால் முத்திரையில் செம்மண்விளை என்று பாதி தெரிந்தது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

அவளுக்கு அப்பா அம்மா இல்லை. ஒரே தங்கை, சலேத்து. போன வைகாசியில் தாய்மாமன் அவளைக் கட்டிக்கொடுத்தார். கல்யாணத்துக்குப் போக விதியில் இடமில்லை. பவுலினா அன்று முழுக்கக் கோயிலில் இருந்தாள் என்று கேள்வி. இளசுகள் புதிதாகக் கல்யாணம் ஆனால் அக்காவுக்குப் பக்கம் பக்கமாக எழுதத்தான் செய்யும். என்ன சேலை எடுத்தார், என்ன குழம்பு வைத்தேன் என்று.

மார்ச் 16, சனி

இன்று கார்டு. கார்டுக்கு மூடி கிடையாது. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து டிராயரில் வைத்தேன். ஒரு சொல்கூடப் படிக்கவில்லை.

வரலாறு 1871 வரை வந்துவிட்டது. நன்றாக வருகிறது என்றே தோன்றுகிறது.

மார்ச் 17, ஞாயிறு

ஒரு சொல்கூடப் படிக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். சரி.

மார்ச் 19, செவ்வாய். சூசையப்பர் திருநாள்

தபசுகாலத்தில் ஒரே ஒரு பாயசம். தெக்லாவின் பாயசத்தில் ஏலக்காய் உண்டு, முந்திரி உண்டு, இனிப்பு மட்டும் இல்லை. வெல்லத்தை அடுப்பங்கரை ஜன்னலிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். எழுபத்தொரு வயது. யாரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தோம். அவரும் குடித்துவிட்டு, "நல்லாதான் இருக்கு" என்றார்.

பவுலினா சாப்பாட்டு அறையில் தட்டம் எடுக்கும்போது இரண்டு முறை தவறவிட்டாள். விதிப்படி இரண்டு முறையும் தரையை முத்தமிட்டாள். கவனம் எங்கோ இருக்கிறது.

மார்ச் 23, சனி

பிற்பகல் மூன்று மணிக்கு, நான் மேசையில் இருந்தபோது, தெக்லா வந்து நின்றார். கேட்டில் ஒரு பிள்ளை வந்திருக்கிறாளாம். பதினெட்டு, பத்தொன்பது இருக்குமாம். கழுத்தில் தாலி. கன்னம் வீங்கியிருக்கிறதாம், பல்வலி என்கிறாளாம். பவுலினாவைப் பார்க்க வேண்டுமாம்.

அடைக்கலம் கேட்கிறாளா என்று கேட்டேன்.

"அப்படி ஒண்ணும் கேக்கலை மதர். பவுலினா சிஸ்டரைப் பாக்கணும்ங்கா. அத மட்டுந்தான் சொல்லுதா."

எங்கள் நடைமுறை ரொம்பத் தெளிவு. அடைக்கலம் கேட்டு வந்தால் எந்த நாளும் எந்த நேரமும் கதவு திறக்கும். ஆளைக் கேட்டு வந்தால் அது பேச்சறைச் சங்கதி, ஈஸ்டருக்குப் பிறகுதான். தெக்லாவுக்கும் அது தெரியும். தெரிந்தும் போகாமல் நின்றுகொண்டிருந்தார். ஈஸ்டர் கழிந்து வரச் சொல்லுங்கள், சாப்பாடு போட்டு அனுப்புங்கள் என்றேன்.

அந்த நேரத்தில் கோயிலில் பாடுகளின் பாட்டுப் பயிற்சி நடந்தது. பவுலினா தனியாக ஒரு அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டு. கேட் வரைக்கும் நன்றாகக் கேட்கும். அந்தப் பெண் கேட்டை ஒட்டிய படியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். பயிற்சி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் போய்விட்டாள்.

"தட்டைக் கழுவிக் கவுத்தி வச்சிட்டுப் போயிருக்கா மதர்," என்று தெக்லா வந்து சொன்னார். அதை ஏன் என்னிடம் சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை.

நான் கேட்டுக்குப் போகவில்லை. ஜன்னல் வழியாக முதுகு மட்டும் தெரிந்தது. நீலச் சேலை. வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். பெயர் கேட்டீர்களா என்று நான் தெக்லாவிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மார்ச் 27, புதன்

மாடசாமி இன்று வாயை மூடவில்லை. பவுலினாவுக்கு வந்த கவரில், முகவரிக்குக் கீழே 'சீக்கிரம்' என்று எழுதியிருக்கிறது. "சீக்கிரம்னு எழுதிட்டா தபால் ஓடியா வரும் மதர்? எனக்கு இருக்கது ஒத்தச் சைக்கிளு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு டிராயரைத் திறந்து, மற்ற மூன்றுக்கும் மேலே வைத்துப் பூட்டினேன். இது மெலிசு. ஒரு தாளுக்கு மேல் இருக்காது.

சீக்கிரம் என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். அவசரம் உண்மையானால் தந்தி வரும். செம்மண்விளையில் தந்தி ஆபீஸ் இல்லை என்பது மாடசாமி சொல்லித்தான் தெரியும். நான் கேட்டதால் சொன்னார்.

மார்ச் 31, பாடுகளின் ஞாயிறு

சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடினோம். மாதா, சூசையப்பர், அந்தோனியார், யாருக்கும் முகம் இல்லை. வருடா வருடம் செய்வதுதான். இந்த வருடம் கோயிலுக்குள் நுழையும்போது பார்க்கப் பிடிக்கவில்லை.

பிற்பகலில் 1878-ஆம் வருடத்து ஏட்டைப் பிரித்தேன். தாது வருஷப் பஞ்சம் முடிகிற நேரம். கரையான் ஓரத்தை மட்டும் தின்றிருந்தது. தாய் சவரியாயி எழுதியதை அப்படியே இங்கே எடுத்தெழுதுகிறேன், ஏனென்றால் வரலாற்றில் எழுதுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

"பஞ்சத்தின் பிறகே பேதியும் அம்மையும் வந்தது. டாக்டர் துரை சொன்னபடிக்கு, அம்மை கண்ட ஊர்களிலிருந்து நம் பிள்ளைகளுக்கு வருகிற காகிதங்களை நாற்பது நாள் பெட்டியில் வைத்து, வேப்பிலையும் கந்தகமும் புகைபோட்டு அப்புறம் கொடுக்கிறது. தபசுகாலமும் கூட வந்தபடியால், இதை ஒரு தபசாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளை ஆற்றினேன். பாவம், அழுகிறார்கள். அம்மை இறங்கினதும் இந்த வழக்கத்தை நிறுத்த வேணும்."

அந்த வருடம் ஆனி மாதம் தாய் சவரியாயிக்கே அம்மை கண்டது. எட்டாம் நாள் போய்விட்டார். அடுத்த பக்கத்தில் வேறு கையெழுத்து. அடுத்த வருடத் தபசுகாலத்தில், "நம் தாயார் வைத்த ஒழுங்கின்படி காகிதங்கள் நிறுத்தப்பட்டன" என்று இருக்கிறது. அதற்கு அடுத்த வருடமும் அப்படியே. எண்பத்தைந்து வருடம்.

மூன்று தடவை வாசித்தேன். நிறுத்த வேணும் என்றுதான் இருக்கிறது.

அப்படியானால் 1931-இல் என்

பழைய ஏட்டில் இருப்பதெல்லாம் விதி ஆகிவிடாது. ரோமாபுரி பார்த்து ஒப்புக்கொடுத்தது அச்சிட்ட சபை விதியைத்தான். அதில் கடிதம் கிடையாது என்று தெளிவாக இருக்கிறது. ஒரு மடத்துத் தலைவி தன் இஷ்டத்துக்கு மாற்றத் தொடங்கினால் அதற்கு எல்லை ஏது. இன்னும் பதினாலு நாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

காலை பூசைக்குப் பிறகு பவுலினா என் அறைக்கு வந்து, பேச அனுமதி கேட்டு முழந்தாளிட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எழுந்திருக்கச் சொன்னேன். எழுந்திருக்கவில்லை.

"மதர், எங்க வீட்டுலருந்து காயிதம் ஏதும் வந்திருக்கா? குடுக்க வேண்டாம். நான் படிக்கவும் வேண்டாம். வந்திருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. வந்திருந்தா அவ எழுதுற நிலைமையில இருக்கான்னு நினைச்சுக்குவேன்."

சாவி என் இடுப்புக் கயிற்றில்தான் தொங்கியது. டிராயர் அவள் தலைக்கு நேரே இருந்தது. நான் கையை நீட்டியிருந்தால் போதும்.

"ஈஸ்டருக்குத் தெரியும்," என்றேன்.

தரையை முத்தமிட்டுவிட்டுப் போனாள். விதிப்படி நடந்தோம், இரண்டு பேருமே. நானும் இதே மாதிரி ஒருமுறை முழந்தாளிட்டுக் கேட்டிருக்கிறேன். இதே பதில்தான் கிடைத்தது. நான் தாங்கினேன். அவளும் தாங்குவாள்.

ஏப்ரல் 5, வெள்ளி. வியாகுல மாதா திருநாள்

சிலுவைப் பாதையில் பவுலினாவுக்குக் குரல் கட்டிக்கொண்டது. வேறு விசேஷம் இல்லை.

ஏப்ரல் 8, திங்கள்

செம்மண்விளையிலிருந்து பன்னிரண்டு நாளாக ஒன்றும் வரவில்லை. நல்லது. என்ன சண்டையோ தீர்ந்திருக்கும். புருஷன் பெண்டாட்டி என்றால் அப்படித்தான்.

மடத்து நடப்பேட்டில் முன்கூட்டியே எழுதிவைத்தேன்: "தபசுகாலம் சபை விதிப்படி அமைதியாகக் கழிந்தது." பெரிய வாரத்தில் எழுத நேரம் இருக்காது.

சண்டை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று இந்த நோட்டை வாசிக்கிறவர்கள் கேட்பார்கள். யாரும் வாசிக்கப் போவதில்லை.

ஏப்ரல் 11, பெரிய வியாழன்

நான் தலைவி என்பதால் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவ வேண்டும். பத்துக் கன்னியர், இல்லத்துப் பெண்களில் மூத்தவர்கள் இரண்டு பேர். பவுலினாவின் பாதம் சில்லென்று இருந்தது, இந்த வெயிலில். துடைத்து, குனிந்து முத்தமிட்டேன். தலையை நிமிர்த்திப் பார்க்க முடியவில்லை. பயமாக இருக்கிறது. எதற்கு என்று எழுத வரவில்லை. பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 13, பெரிய சனி

புதுநெருப்பு மூட்டினார்கள். நோட்டு அங்கிப் பைக்குள் இருந்தது. போடவில்லை.

ஏப்ரல் 14, ஈஸ்டர்

முழுதும் எழுதுகிறேன். எதையும் விடக்கூடாது.

காலைக் காப்பிக்கு அச்சுமுறுக்கும் அதிரசமும் இருந்தன. நாற்பது நாள் மௌனம் உடைந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடிதங்களைக் கொண்டுவந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொருவருக்காகக் கொடுத்தேன். பவுலினாவைக் கடைசியாகக் கூப்பிட்டேன். வந்த வரிசையில் அடுக்கி வெள்ளை நூலால் கட்டியிருந்தேன். முழந்தாளிட்டு வாங்கினாள். மேல் கவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "தங்கச்சி," என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். நாலு இருப்பதைக் கண்டு ஒரு சிரிப்பு வேறு. நான் அவளைத் தனியாக அழைத்துக் கொடுத்திருக்க வேண்டும். அப்படித்தான் நினைத்திருந்தேன். தைரியம் வரவில்லை.

ஜன்னல் பக்கம் போய் நின்று வாசித்தாள். முதல் கடிதத்திலேயே சிரிப்பு போய்விட்டது. உட்காரவில்லை. நாலையும் நின்றுகொண்டே வாசித்தாள். பிறகு நேரே என்னிடம் வந்து, கடைசிக் கடிதத்தை என் கையில் கொடுத்து, வாசிக்கச் சொன்னாள். சத்தமாக இல்லை, மனசுக்குள்தான். வாசித்தேன்.

"அக்கா, நான் சனிக்கிழமை உங்க கேட்டு வரைக்கும் வந்தேன். நீ பாடிக்கிட்டு இருந்த. உன் குரல்தான்னு எனக்குத் தெரியும். வயசான சிஸ்டர் ஒருத்தவிய சோறு போட்டாவ. ஈஸ்டர் கழிச்சு வரச் சொல்லிட்டாவ. நான் வந்துட்டுப் போனது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. எத்தனை நாள்னு சுவத்துல கோடு போட்டு எண்ணிக்கிட்டு இருக்கேன். நீ ஒரு காயிதத்துக்கும் பதில் போடல. என் மேல கோவமா இருந்தாலும் ஈஸ்டர் அன்னைக்கு மட்டும் கேட்டுக்கு வந்து நில்லு. நான் எப்படியும் வந்துருவேன்."

"இன்னைக்கு வருவா மதர்," என்றாள் பவுலினா. "வாரேன்னு எழுதிருக்கால்லா." சொல்லிவிட்டுக் கேட்டுக்குப் போய்விட்டாள்.

ஒன்பது மணியிலிருந்து நின்றாள். கேட்டை அகலத் திறந்துவைத்து, நடுவில் நின்றாள். ஒன்பதரை பஸ், பதினொன்றரை பஸ், இரண்டு மணி பஸ். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ரோட்டு வளைவு வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். தெக்லா அவளுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். ஜெபமாலை சொல்லும்போது அழுதார். அந்தப் பிள்ளை யார் என்று அவருக்கு இன்றுதான் தெரியும்.

எனக்கு அன்றே தெரியும். இதை எழுதத்தான் நோட்டை நெருப்பில் போடாமல் வைத்தேன் போலிருக்கிறது. அந்தக் கார்டைக் கவிழ்த்து வைப்பதற்கு முன் முழுதும் படித்தேன். "அக்கா, வயித்துல இருந்ததும் அடியில போயிட்டு. உங்க மடத்துக்கே வந்துரட்டுமா? வான்னு ஒரு கார்டு போடு. சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன்" என்று இருந்தது. மறு சனிக்கிழமை வந்தாள். கன்னம் வீங்கிய பெண் என்று தெக்லா சொன்னவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான், அடைக்கலம் கேட்கிறாளா என்று கேட்டேன்.

நாலு மணிக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோனேன். பவுலினா வாங்கவில்லை.

"கார்டைப் படிச்சீங்களா மதர்?"

"படிச்சேன்."

"படிச்சுட்டுமா?"

அவள் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஏன் என்று நானே எழுதிவிடுகிறேன். 1931-இல் எனக்கு வந்தது ஒரு கடிதம் இல்லை, இரண்டு. முப்பத்திரண்டு வருடமாக இரண்டாவதை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலாவது என் அம்மா பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி எழுதியது. படுத்துவிட்டேன், ஒரே ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ, உங்கள் மதர் விடமாட்டார் என்றால் ஒரு வரியாவது எழுது, அதுவரை உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பேன் என்று. அது தபசுகாலத்தின் முதல் வாரத்திலேயே வந்திருக்கிறது. பதினெட்டு நாள் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் மேலே கோயிலில் பாடிக்கொண்டிருந்தேன்.

பவுலினாவுக்கு அந்த டிராயரைத் திறந்தால், எனக்கும் அன்று திறந்திருக்கலாம் என்று ஆகிவிடும். தாய் சவரியாயியின் எழுத்தை வாசித்த பிறகும் நான் திறக்காததற்கு இது ஒன்றுதான் காரணம். விதி இல்லை.

சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸும் போய்விட்டது. அவளை உள்ளே அழைத்து வர மூன்று பேர் வேண்டியிருந்தது.

ஏப்ரல் 15, திங்கள்

முதல் பஸ்ஸில் பவுலினாவையும் தெக்லாவையும் செம்மண்விளைக்கு அனுப்பினேன். நானும் வருகிறேன் என்றேன். "வேண்டாம் மதர்," என்றாள்.

மாலையில் திரும்பினார்கள். பவுலினா நேரே கோயிலுக்குப் போனாள். தெக்லாதான் சொன்னார். ஏப்ரல் ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை விடியற்காலை சலேத்து தோட்டத்துக் கிணற்றில் கிடந்திருக்கிறாள். மறுநாள் அடக்கம். தண்ணீர் இறைக்கப் போய் வழுக்கிவிட்டது என்று புருஷன் வீட்டார் பங்குச் சாமியாரிடம் சொல்லி, கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள். முந்தின நாள் அந்த வீட்டில் கூச்சல் கேட்டதாகப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சொன்னார்களாம். வழுக்கினாள் என்று அவர்களில் ஒருத்தியும் சொல்லவில்லை. அக்காவுக்குச் சொல்லி அனுப்பவில்லையா என்று தெக்லா கேட்டதற்கு, கன்னியாஸ்திரீக்குத் தபசுகாலத்தில் சொன்னால் போய்ச் சேராதாமே என்று புருஷன் சொன்னானாம். ஊருக்கே தெரிந்திருக்கிறது, எங்கள் விதி.

அடுப்பங்கரைச் சுவரில் கரிக்கோடு இருந்ததாம். தெக்லா எண்ணிப் பார்த்திருக்கிறார். பதின்மூன்று.

நடப்பேட்டை எடுத்து, அமைதியாகக் கழிந்தது என்ற வரியை அடித்தேன். மேலே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மதர் ஜெனரலுக்கு எல்லாவற்றையும் எழுதி, 1878-ஆம் வருடத்துப் பக்கத்தையும் பிரதி எடுத்து வைத்துவிட்டேன். என்னைத் தலைவி பதவியிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டிருக்கிறேன். எடுத்துவிடுவார்கள். அதனால் யாருக்கு என்ன.

ஏப்ரல் 16, செவ்வாய்

காலையில் பவுலினா என் அறைக்கு வந்தாள். முழந்தாளிடவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். எங்களுக்குள் மன்னிப்புக் கேட்டால் உடனே மன்னித்தேன் என்று சொல்ல வேண்டும், அது விதி. அவள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்கு எனக்கு ஒரு வகையில் நிம்மதி.

"அவ பேரைப் பதிவேட்டுல எழுதுங்க மதர்," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"இங்க வந்தால்லா. சோறு சாப்பிட்டால்லா. சோறு போட்டா பேரை எழுதணும்னு நீங்கதானே மதர் எங்களுக்கு வாசிச்சுக் காட்டுனீங்க."

பதிவேட்டை எடுத்துப் பிரித்தேன். அவள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எண் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று. பெயர், சலேத்து. வயது என்ன என்று கேட்டேன். பத்தொன்பது, ஆவணியில் இருபது என்றாள். ஊர், செம்மண்விளை. வந்த தேதி, மார்ச் 23, 1963. வரவேற்றவர், சிஸ்டர் தெக்லா. போன தேதி, அன்றே.

கடைசிப் பத்தி வந்தபோது பேனாவை வைத்துவிட்டேன். அவள் நகரவில்லை. வெளியே கோடை விடுமுறைக்கு முந்தின பரீட்சை மணி அடித்தது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவளுக்காகக் காத்திருப்பார்கள். அப்படியும் நின்றாள். பேனாவை எடுத்து, அனுப்பியவர் என்ற இடத்தில் மதர் கொலேத்தா என்று எழுதினேன். ஈரம் காயும்வரை பார்த்திருந்துவிட்டு, வகுப்புக்குப் போனாள்.